இரண்டு விரல் இடம்

மனைவியிடம் ஃபிட்டர் வாங்கியிருந்த கைமாற்று நாலாயிரத்து இருநூறு.

"ஒரே ஒரு மிஷின் செஞ்சு குடுங்க. மொத்தக் கடனும் தள்ளுபடி!" என்றாள் அவள்.

சந்தோஷத்தில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "என்ன மிஷின்?"

"அஞ்சு கிலோ பொருளை மெல்ல ஒரு பக்கமாச் சாய்க்கணும். அடியில ரெண்டு விரல் உயரம்தான் இடம்."

"காத்து சிலிண்டர் வச்சிரலாமா?"

"ஐயோ, புஸ்ஸுன்னு கத்தும். சத்தமே கூடாது."

"நிமிந்து நிக்கிற மோட்டாருக்கு இடம் பத்தாது... படுத்தபடியே நேராத் தள்ளுற ஒல்லி ஆக்சுவேட்டர்தான் சரி! முனையில ஒரு ஆப்பு வச்சா, தள்ளத் தள்ளப் பொருள் சாயும். ஆமா, அந்தப் பொருளுக்குள்ள என்ன இருக்கு?"

"பெருசா ஒண்ணும் இல்ல. சுவிட்ச் மட்டும் நீள ஒயர்ல வேணும்."

அவன் பட்டறையிலேயே பழியாய்க் கிடந்து செய்து முடித்தான். துள்ளிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு, அசதியில் படுத்ததும் தூங்கிப்போனான்.

காலையில் விழித்தபோது கழுத்து ஒரு பக்கமாய்த் திரும்பியிருந்தது. தலையணைக்கு அடியில் கைவிட்டான். ஆப்பு தட்டுப்பட்டது. ஒயர் மனைவியின் கைக்குப் போயிருந்தது.

"அடிப்பாவி! அந்த அஞ்சு கிலோ என் தலையா?"

"குறட்டை கேட்டதும் ஒரு அழுத்து. கல்யாணமாகி நேத்துதாங்க முழுசாத் தூங்கினேன்," என்று சிரித்தாள். "உங்க கடன் தீந்துபோச்சு!"