சுத்தமான பதிவு

சிம்பொனியின் இரண்டாம் பகுதி தொடங்கியது.

அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். இன்னும் நான்கு நிமிடம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. சென்னியப்பன் வீட்டு ஹால். கோயம்புத்தூர் வெயிலை உள்ளே விடாத கனத்த திரை. எதிரே ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். ஆம்ப்ளிஃபயரின் வால்வுகள் அடுப்புத் தணலாய்க் கனன்றன. அவரையும் சேர்த்து ஐந்து பேர், கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரே சிம்பொனிதான். பத்து வருடமாக, வருடத்துக்கு ஒரு ஞாயிறு, ஆளுக்கொரு பதிவைக் கொண்டுவந்து போடுவார்கள். ஒருவருக்கு வியன்னாவில் எடுத்தது உசத்தி. இன்னொருவருக்குப் பிராகில் எடுத்தது. மதியச் சாப்பாடு ஆறிப்போகும்வரை மல்லுக்கட்டுவார்கள். இத்தனைக்கும் ஐவரில் ஒருவருக்கும் வயலினைப் பிடிக்கக்கூடத் தெரியாது.

அவர் கொண்டுவருவது ஒரு கேசட். ஒவ்வொரு வருடமும் அதற்குக் கடைசி இடம்.

"ஏனுங்ணா, இதை ரைஸ் மில்லுல வெச்சு எடுத்தீங்களா?" என்று சென்னியப்பன் கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

அதை எடுத்தது வீட்டில்தான். எண்பத்து மூன்றில்.

பஞ்சு மில் அதிகாரி ஒருவர் அந்த இசைத்தட்டை ஒரே ஒரு பகலுக்கு இரவல் கொடுத்திருந்தார். இணைக்க வயர் இல்லை. ஸ்பீக்கருக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் டூ-இன்-ஒன் டேப் ரிக்கார்டரை வைத்துப் பொத்தானை அழுத்தினார். அன்றைக்கு மைத்துனர் மகளுக்குக் காதுகுத்து. மனைவி கமலவேணி பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, கிளம்பி நின்றாள்.

இதோ ஆயிற்று என்றார்.

முதல் தடவை டேப் சிக்கிக்கொண்டது. இரண்டாம் தடவை கரண்ட் போயிற்று. மூன்றாம் தடவை இசை ஓடத் தொடங்கியபோது முகூர்த்தம் தாண்டியிருந்தது.

கமலவேணி பட்டுப்புடவையோடு கீழே உட்கார்ந்து, முறத்தில் அரிசி புடைத்தாள்.

இரண்டாம் பகுதியின் நடுவில் வயலின்கள் அடங்கும் ஓர் இடம் உண்டு. அங்கே அவள் குரல் வரும்.

"இன்னும் முடியலீங்களா?"

அவ்வளவுதான்.

அவள் இறந்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. அவள் குரல் என்று உலகத்தில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதில் இருந்த கோபத்தை அவர் ஒவ்வொரு முறையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவே இல்லை.

நண்பர்களிடம் இதைச் சொன்னதில்லை. தும்மலுக்கே முகம் சுளிக்கிற கூட்டத்தில் சொல்ல வெட்கமாக இருந்தது.

போன மாதம் டேப் இழுக்க ஆரம்பித்தது. பயந்துபோய்ச் சென்னியப்பனிடம் கொடுத்தார். அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொன்னார். இன்று ஓடுவது அந்தப் பதிவுதான்.

வயலின்கள் அடங்கின.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

ஒன்றும் இல்லை.

முறத்தின் சத்தம் இல்லை. ஸ்டூல் கிறீச்சிடவில்லை. கழுவித் துடைத்த தட்டைப்போல ஓர் அமைதி. பிறகு எங்கோ ஒரு புல்லாங்குழல் எழுந்தது. நாற்பத்தொரு வருடத்தில் அந்த இடத்தில் புல்லாங்குழல் இருப்பதே அவருக்குத் தெரியாது.

இசை முடிந்ததும் நண்பர்கள் கைதட்டினார்கள்.

"இந்த வருசம் மொத எடம் அண்ணனுக்குத்தான்," என்றார் ஒருவர்.

சென்னியப்பன் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பரீட்சைத் தாளை நீட்டுகிற பிள்ளையின் முகம்.

"எப்படிங்ணா? அடையாளமே தெரியலை பாருங்க."

"டேப்பு எங்க?"

"பூஞ்சைங்ணா. ஒரு தடவைதான் ஓடுச்சு, அப்புறம் துண்டு துண்டாப் போச்சு. அதனால என்ன, நல்லதை எல்லாம் எடுத்தாச்சு. மிச்சக் குப்பையை அழிச்சுட்டேன்."

அவருக்குச் சென்னியப்பனின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. கை எழவில்லை. அந்த மனிதர் மூன்று வாரம் தூங்கியிருக்க மாட்டார் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"அரிசிச் சத்தத்தை எடுக்கவே ஒரு வாரம் ஆச்சுங்ணா. நடுவுல யாரோ ஒரு அம்மா பேசறாங்க. அதுக்கு மட்டும் நாலு நாள். வயலினோட பின்னிக் கெடந்துச்சு."

"நாலு நாளும் அதைக் கேட்டீங்களா?"

"நூறு தடவைக்கு மேல இருக்கும். கேக்காம எப்படி எடுக்கறது? முடியலீங்களான்னு கேட்டுப்போட்டு, அந்தம்மா சிரிக்கிறாங்கங்ணா."

"சிரிக்கிறாளா?"

"ஆமாங்ணா. ரொம்ப மெல்லிசா. உங்க டூ-இன்-ஒன்ல கேட்டிருக்காது. நம்ம ஹெட்ஃபோன்லதான் தெரிஞ்சுது. கோவமெல்லாம் இல்லீங்ணா, சும்மா கேலி பண்றாப்ல."

அவர் நாற்காலியைச் சென்னியப்பன் பக்கம் திருப்பினார்.

"எப்படிச் சிரிச்சா?" என்றார்.

சென்னியப்பன் அவர் முகத்தைப் பார்த்தார். மற்றவர்களும் திரும்பினார்கள்.

"சொல்லுங்க. எப்படிச் சிரிச்சா?"

சிரித்துக் காட்டத்தான் சென்னியப்பன் வாயைத் திறந்தார். சிரிப்பு வரவில்லை.