வாசலில் ஒரு சோடிச் சப்பாத்து

"இது மியூசியமப்பா. இஞ்சை ஆரும் சப்பாத்துக் கழட்டுறேல்லை."

"ஆக்கள் இருந்த வீடுதானே. வீடெண்டால் கழட்டத்தான் வேணும், இஞ்சாரும்."

ஒஸ்லோ கடலோரத்தில் எந்தப் பழைய மீனவர் வீட்டைப் பார்க்கப் போனாலும் கிளெமென்ற் இப்படித்தான் சொல்வார். மனைவி மரியரஞ்சனி உள்ளே சுற்றிக்கொண்டிருக்க, முந்தி வெளியே வந்துவிடுவார். அவளுடைய சப்பாத்துகளை வெளிப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் காரை நோக்கி நடப்பார். கலியாணமான நாளிலிருந்து அவரிடம் ஒன்று கேட்க நினைத்தாள். கேட்டதேயில்லை.

அவர் இறந்த பிறகு வந்த கோடையில் குரோருட்டிலிருந்த தங்கள் வீட்டிலிருந்து தனியாக அதே வீடுகளுக்குப் போனாள். வாசலில் சப்பாத்தைக் கழற்றினாள். திரும்பி வரும்போதெல்லாம் அவை வெளிப்பக்கம் பார்த்திருந்தன. அங்கே வேலை செய்பவர்களின் மரியாதை என்று நினைத்துக்கொண்டாள்.

இன்று மழை. வேறு பார்வையாளர்கள் இல்லை. அறைகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, அவளுடைய சப்பாத்துகள் கழற்றியபடியே கிடந்தன. பக்கத்தில் இன்னொரு சோடி இருந்தது. சவப்பெட்டியை மூடுமுன் தன் கையால் அவருக்குப் போட்டுவிட்ட கறுப்புச் சப்பாத்து. உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். கால்சூடு இன்னும் ஆறவில்லை.

முதன்முறையாக அவள் முந்தி வந்திருக்கிறாள்.

உள்ளே மரத்தரை கிரீச்சிட்டது. அவள் படியில் உட்கார்ந்தாள்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கெண்டாலும் முன்னாலை போகாமல் என்னோடை சேர்ந்து நடவுங்கோ."