கண்ணுக்குள் குடை

எதிர்வீட்டு போட்டோக்காரருக்குத் தலைக்கனம் உண்டு. மற்றவர்கள் நேராக ஃபிளாஷ் அடித்து மணப்பெண்ணுக்குச் சுண்ணாம்பு பூசுவார்கள். இவர் விளக்கை வெள்ளைக் குடைக்குள் அடித்து, முகத்தில் பதமாக விழவைப்பார். குடையை உயர்த்திப் பிடிப்பது அவர் மனைவி. போன வருஷம் அந்த அம்மா இறந்துபோனார்.

அவர் மகள் கல்யாணத்துக்கு வேறு ஆளை வைக்கச் சொன்னோம்.

"என் பொண்ணை நான்தான் எடுப்பேன். குடைக்கு ஸ்டாண்டு வாங்கியாச்சு."

சொதப்பியிருப்பார் என்ற ஆசையில்தான் ஆல்பம் பார்க்கப் போனேன். ஒரு குறை சொல்ல முடியவில்லை. மகள் தன் முகத்தைக் கணினியில் பெரிதாக்கினாள்.

"கண்ணைப் பாருங்க அத்தை."

இரண்டு கருவிழியிலும் வெள்ளைக் குடை. அதன் கீழே, நுனிக்காலில் எக்கி நின்று அதைப் பிடித்திருந்தது ஒரு சேலை உருவம்.

அறை மூலையில் புது ஸ்டாண்டு, பிரிக்காத பெட்டியிலேயே இருந்தது.

அவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"லைட்டிங் எப்படி?"