ரேடியேட்டர் சொன்ன காரணம்

ஒரு டீசல் காரின் இன்ஜின் நடுவழியில் ஜாமாகி நின்றுவிட்டது. கயிறு கட்டி ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்து வந்தார்கள்.

"பிரிச்சு ரிப்பேர் பண்ணலாம். எதனால ஜாமாச்சுன்னும் பாத்துடலாம். இல்லன்னா வேற இன்ஜின் மாத்திக்கலாம், வேலை சீக்கிரம் முடியும்" என்றார் மெக்கானிக் அந்தோணி.

தண்ணீரால் இன்ஜினைக் குளிர வைக்கும் ரேடியேட்டர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. அதன் அடியில் மயிரிழையாக ஒரு விரிசல். பல நாளாகத் தண்ணீர் கசிவதைப் பற்றி அது யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் தன்னைக் கழற்றிவிடுவார்களோ என்ற பயம்.

"எனக்கு ஏம்பா இப்படிச் சூடு ஏறிச்சு?" என்று இன்ஜின் கேட்டது.

"நீ உழைச்சது கொஞ்சமா? போதும்ப்பா, இனி ஓய்வெடு" என்றது ரேடியேட்டர்.

கார்க்காரர் அவசரத்தில் இருந்தார். "மாத்திடுங்க" என்றார்.

சங்கிலியில் தொங்கியபடி வெளியே போகும்போது இன்ஜின் சொன்னது: "இத்தனை வருஷம் என்னைக் குளிர வச்சியே, மறக்கமாட்டேன்."

ரேடியேட்டரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

புது இன்ஜின் வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் இருந்த ரேடியேட்டரிடம் மரியாதையாகக் கேட்டது: "அண்ணே, முன்னாடி இருந்தவருக்கு என்னாச்சு?"

"நல்லவர்தான் தம்பி" என்றது ரேடியேட்டர். "என்ன, எதுக்கெடுத்தாலும் சட்டுனு கொதிச்சுப்போயிடுவாரு."