பெயர் போடாத தாள்

இருபத்தெட்டு வயது. இரண்டாவது பிரசவம். சிசேரியன்.

செயலாளர் வாசிக்க வாசிக்க அவள் நாற்காலி நுனிக்கு வந்தாள். நான் எழுதியதுதான்.

தென்மாவட்ட மயக்க மருத்துவர் சங்கத்தில் அப்படி ஒரு வழக்கம். ஆபரேஷன் தியேட்டரில் இறந்துபோனவரைப் பற்றி, பெயரும் ஊரும் போடாமல் எழுதி அனுப்பலாம். மாதக் கூட்டத்தில் வாசிப்பார்கள். பிறகு தலைவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்; ஆமாம் என்கிறவர்கள் கை தூக்க வேண்டும். மருந்துக் கம்பெனி போடும் பிரியாணிக்காகவே வருகிறவர்கள்கூட அதுவரை எழுந்து போவதில்லை.

அவள் தன் தாளை அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. மயக்க ஊசியைத் தொட்டு ஆறு வாரம். இனித் தொடுவதா வேண்டாமா, இவர்களே சொல்லட்டும் என்றுதான் பஸ் ஏறி வந்திருந்தாள்.

செயலாளர் வாசித்துக்கொண்டே போனார்: முதுகில் ஊசி போட்டாயிற்று. பிரஷர் இறங்கியது. பிறகு ஏறவே இல்லை.

மானிட்டர் வயரைப் பற்றிய வரி எங்கே?

அதையும் எழுதினோமே. செயலாளர் விட்டுவிட்டாரா? இல்லை, நாம்தான் எழுதாமல் மழுப்பிவிட்டோமா?

தலைவர் செபத்தையா மைக்கை வாங்கினார்.

"நீங்களா இருந்தா இதையேதான் செஞ்சிருப்பீங்களா?"

ஹால் முழுக்கக் கைகள்.

அவளும் தூக்கினாள். தூக்காவிட்டால் தெரிந்துவிடும். அப்பாடா என்றிருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஆண் குழந்தை. நல்லா இருக்கு," என்று செயலாளர் தாளை மடித்தார்.

ஆண் குழந்தையா?

அன்று அவள் பார்த்தது பெண் குழந்தை.

அப்படியானால் இது யாருடையது? இந்த ஹாலில் யார்? இப்போது பட்ட நிம்மதியை யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

"அடுத்தது. இதுவும் இருபத்தெட்டு வயசு. இதுவும் சிசேரியன்."

இதில் வயர் இருந்தது.

மானிட்டரில் கோடு தட்டையானதும் மிஷின் கோளாறு என்று நினைத்து, வயரைக் கழற்றிக் கழற்றி மாட்டிப் பார்த்ததில் மூன்று நிமிடம் போனது. அவள் எழுதியதில் ஒரு வார்த்தைகூட விடாமல் வாசித்தார்.

அதே கேள்வி.

ஒரு கையும் எழவில்லை. பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

தன் கை எப்போது மேலே போனது என்று அவளுக்கே தெரியவில்லை. எத்தனையோ பேர் திரும்பிப் பார்த்தார்கள். இறக்கத்தான் நினைத்தாள். முடியவில்லை.

செபத்தையா மைக்கை மேஜையில் வைத்துவிட்டு இறங்கி அவளிடம் வந்தார்.

"அன்னைக்கு தியேட்டர்ல ஒத்தையிலயாம்மா நின்னீங்க?"