குழம்பு மட்டும்

"மாத்திரை சாப்பிடுறவங்க மீனைத் தொடக் கூடாதாம் அத்தை. குழம்பு மட்டும் ஊத்திக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு."

மருந்துச் சீட்டோடு வந்ததும் சொன்னேன். மாமியார் வள்ளியம்மையின் கை நடுங்கியது. கோபத்தாலா, பார்க்கின்சன் நோயாலா என்று தெரியவில்லை.

பூம்புகாரில் படகு வைத்திருக்கும் வீடு எங்களுடையது. ஒன்பது வருடம் கரண்டி அவர் கையில் இருந்தது. மீன் துண்டெல்லாம் அவருக்கும் அவர் மகனுக்கும். எனக்கு வெறும் குழம்பு. நடுக்கம் வந்த பிறகுதான் கரண்டி என்னிடம் வந்தது.

அவர் கண் முன்னாலேயே கொடுவா மீனை முள் எடுத்து, ருசித்துச் சாப்பிட்டேன்.

"ஒரே ஒரு துண்டு போடு, பிரதீபா."

"உங்க நல்லதுக்குத்தான் அத்தை."

இரண்டு மாதம் கழித்து அவரை நடக்க வைத்துப் பார்த்த டாக்டர் அசந்துபோனார்.

"நடுக்கம் நல்லா குறைஞ்சிருக்கே! சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களா?"

"நீங்கதானே மீன் கூடாதுன்னீங்க?" என்றார் மாமியார்.

"நான் சொல்லவே இல்லையே!"

நான் மருந்துச் சீட்டை அவசரமாக மடித்துப் பையில் திணித்தேன். டாக்டரோ என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஆனா சரியாத்தான் செஞ்சிருக்கீங்கம்மா. மாத்திரையோட மீன் சேர்ந்தா சிலருக்கு மருந்து சரியா ஏறாது. பகல்ல வேணாம். ராத்திரி சாப்பாட்டுல மட்டும் குடுங்க."

அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்ததும் மாமியார் என் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

என் தட்டில் குழம்பை மட்டும் ஊற்றினார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.