புதுச் சிப்புக்குப் புதுப் புரோகிராம்

காத்தான்குடி றவூப் நானாவின் கம்பனி, இறால் குளங்களில் ஒட்சிசன் அளக்கும் கருவி செய்கிறது. பழைய கருவியின் புரோகிராம், அங்கே வேலை செய்யும் இஷாமின் பொறுப்பு. புதிய கருவிக்குப் புரோகிராம் எழுதும் வேலையை நானா தனுஷாவிடம் கொடுத்தார்.

“ரெண்டிலயும் ஒரே குடும்பத்துச் சிப்தானே தங்கச்சி? சென்சரை வாசிக்கிற டிரைவர் புரோகிராம் இஷாமிட்ட கிடக்கு. அதையே கொஞ்சம் திருத்திப் போட்டா என்ன?”

“ஏலா நானா. இது புதுச் சிப். அவர்ட புரோகிராமில ஒரு வரியும் இதில ஓடாது. நான் முதல்ல இருந்து எழுதோணும். மூணு மாசம் தாங்க.”

நானா கொடுத்தார். எப்போது கேட்டாலும், “சோறு தண்ணி இல்லாம எழுதிறன் நானா” என்பாள்.

நோன்பு மாதத்தில் ஒரு மாலை, ஆரையம்பதிப் பண்ணைக்காரர் கதிர்காமத்தம்பியிடம் இரண்டு கருவிகளையும் காட்டினார்கள். இரண்டும் சரியாக அளந்தன. அவர் திருப்தியாகத் தலையாட்டும்போது இஷாமின் கருவி ‘பீப் பீப்’ என்று கத்தியது.

“ஐயோ, ஒட்சிசன் குறைஞ்சிட்டா?”

இஷாம் நெளிந்தான். “இல்ல அண்ணன், இது நோன்பு துறக்கிற நேரம். வேலை மும்முரத்தில மறந்திருவன் எண்டு எனக்காக டிரைவர் புரோகிராமுக்குள்ள எழுதி வெச்ச அலாரம். அழிக்க மறந்திட்டன்.”

அவன் சொல்லி முடிக்கவில்லை, தனுஷாவின் கருவியும் ‘பீப் பீப்’ என்றது.

றவூப் நானா பேரீச்சம்பழப் பெட்டியைத் திறந்து, முதல் பழத்தைத் தனுஷாவிடம் நீட்டினார்.

“நீங்களும் நோன்பு துறங்க தங்கச்சி. மூணு மாசமாச் சோறு தண்ணி இல்லாமத்தானே எழுதினீங்க!”